காசும் கல்லாவும்: ‘கேஷ்’ என்னும் சொல்லும் ஏழை விதவையின் காணிக்கையும்

ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேஷ்’ என்னும் சொல் நம் தமிழ்க் ‘காசு’ என்பதன் திரிபே என்னும் கூற்றைக் குருமார் பலர் அருளுரைகளில் எடுத்தாள்வதை நாம் கேட்டிருக்கிறோம். அறுப்பின் பண்டிகையிலும் ஸ்தோத்திரப் பண்டிகையிலும் காணிக்கையைப் பற்றிப் பேசப் புகுவோர்க்கு இது கைகண்ட மருந்து. உலகெங்கும் ஆட்சி செய்யும் ஒரு சொல்லை உலகுக்கு ஈந்தவர் நம் முன்னோர் என்று கேட்டவுடன் சபையார் நிமிர்ந்து உட்காருவர். அவ்வூக்கம் அடங்குமுன் காணிக்கைப் பை ஆலயத்தைச் சுற்றி வந்துவிடும். நானும் அவ்வாறு பேசியவனே. மயிலாப்பூரை அடுத்த ஒரு சபையில், சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், மாற்கு 12:41-44 என்னும் பகுதியின்மேல் நான் ஆற்றிய அருளுரை இக்கூற்றோடுதான் தொடங்கிற்று. அன்று நான் செய்த இரண்டு பிழைகளைத் திருத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று சொல்லைப் பற்றியது. மற்றொன்று குருவியைப் பற்றியது.

ஆராதனை முடிந்தபின் இருவர் என்னிடம் வந்தனர். முதலாமவர் வங்கி ஒன்றில் நெடுங்காலம் காசாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். “ஐயா, கேஷ் என்றால் முதலில் பெட்டி என்றுதானே பொருள்? பணம் என்ற பொருள் பிறகு வந்தது என்று படித்த நினைவு” என்றார். நான் புன்னகை செய்து, ‘அதையும் பார்க்கிறேன்’ என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாவதாக வந்தவர் ஒரு மூதாட்டியார், கணவரை இழந்தவர், வீட்டு வாசலில் இட்டலி சுட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். “அந்த ரெண்டு காசுக்கு அந்தக் காலத்துல என்ன வாங்கலாம், ஐயா?” என்று கேட்டார். விடை என் நாவின் நுனியில் இருந்தது. லூக்கா 12:6-இல் இரண்டு காசுக்கு ஐந்து அடைக்கலான் குருவிகள் விற்கப்படுவதாக உள்ளதன்றோ? “ஐந்து குருவி வாங்கலாம், அம்மா” என்றேன். அவர் சற்று யோசித்து, தலையை அசைத்துவிட்டுப் போனார்.

இருவருள் முன்னவர் கூறியது முற்றிலும் சரி. பின்னவருக்கு நான் கூறியது முற்றிலும் தவறு.

சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆங்கில அகராதிகளில் ‘கேஷ்’ என்பது ஒரு சொல் அன்று, இரண்டு சொற்கள். எழுத்தும் ஒலியும் ஒன்றாயிருப்பினும் பிறப்பு வேறு. முதலாவது சொல்லுக்கு மூலம் ‘காப்சா’ என்னும் இலத்தீன் சொல். பெட்டி, பேழை என்பது அதன் பொருள். அது இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’ என்றும் பிரெஞ்சில் ‘கேஸ்’ என்றும் வழங்கி, 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ ஆயிற்று. அப்போது அதன் பொருள் வணிகரின் பணப்பெட்டி என்பதே. மயிலை மாடவீதிகளிலும் தியாகராய நகர்க் கடைகளிலும் நாம் ‘கல்லா’ என்று சொல்கிறோமே, அதுதான். ‘பெட்டியிலுள்ளது’ என்னும் பொருள் நாளடைவில் பெட்டியின் பெயருக்கே ஏறிற்று. பெட்டி மறைந்து உள்ளிருந்த ரொக்கம் நின்றது. ‘கேஸ்’ என்று ஆங்கிலத்தில் உறைக்கும் பெட்டிக்கும் வழங்கும் சொல்லும் இதே ‘காப்சா’வின் வழித்தோன்றலே. (நீதிமன்ற ‘கேஸ்’ வேறொரு மூலத்தினின்று வந்தது. இது நிற்க, ‘கேஷியர்’ என்பது பெயர்ச்சொல்லாயின் பெட்டியைக் காப்பவர். வினைச்சொல்லாயின் ஒருவரை அவமானத்தோடு பதவி நீக்குவது. பின்னதற்கு ‘உடைத்தல்’ என்னும் பொருளுடைய வேறொரு இலத்தீன் வேர். பெட்டியைக் காத்தவர் பதவி இழக்கும் நிகழ்ச்சிகள் நம் திருச்சபைகளிலும் உண்டாதலின், இவ்விரு சொற்களையும் உறவினர் என்று எண்ணுவாரைக் குறை கூறுவதற்கில்லை.)

இரண்டாவது ‘கேஷ்’ நம் காசு. இதில் ஐயமில்லை. தென்னாட்டில் வழங்கிய மிகச் சிறிய செப்பு நாணயத்தை ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்று எழுதினர். தஞ்சையில் நீதிபதியாயிருந்த பர்னலும், அவரோடு சேர்ந்து உழைத்த யூலும் தொகுத்த, 1886 இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியம் இதைத் தமிழ்க் காசினின்றே பெறுகிறது. பெட்டியைக் குறித்த ‘கேஷ்’ இதனின்றும் வேறு என்பதையும் தெரிவிக்கிறது. காசு என்பது வடமொழியில் ஒரு நிறைகல்லைக் குறிக்கும் ‘கர்ஷ’த்தினின்று வந்தது என்று அவ்விருவரும் கருதினர். தமிழே மூலம் என்பாரும் உளர். அவ்வழக்கு இங்கு நமக்கு வேண்டுவதன்று.

ஆனால் ‘காசு’ என்பதன் சகரம் ஆங்கிலத்தில் ‘ஷ்’ ஆனது எப்படி? இங்கேதான் நம் சாந்தோம் கடற்கரை நினைவுக்கு வருகிறது. ஆங்கிலேயர் 1639 இல் இக்கரையில் இடம் பெறுவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே போர்ச்சுகீசியர் மயிலையில் குடியேறியிருந்தனர். அவர்கள் மொழியில் பெட்டிக்கு ‘காய்ஷா’ என்று பெயர். அதுவும் ‘காப்சா’வின் பிள்ளை. கீழைக் கடற்கரைகளில் வாணிகம் செய்த அவர்கள், சிறு நாணயத்தின் பெயராகிய காசைத் தம் காதுக்குப் பழகிய ‘காய்ஷா’ என்றே எழுதினர். ஆக, பெட்டியும் காசும் முதன்முதலாகக் கலந்தது இலண்டனில் அன்று. போர்ச்சுகீசிய வணிகரின் நாவில். ஆங்கிலேயர் அக்கலப்பைப் பெற்றுக்கொண்டவர்களே. பின்னர் அவர்கள் சீனத்துக்குச் சென்று, நடுவில் சதுரத் துளையுடைய அந்நாட்டுச் செப்பு நாணயத்துக்கும் ‘கேஷ்’ என்றே பெயரிட்டனர். சீன நாணயத்தின் ஆங்கிலப் பெயர் இன்றளவும் தமிழ்ப் பெயரே என்பது நம் போதகர்களுக்குத் தெரியாமற்போயிற்று. தெரிந்திருந்தால் அறுப்பின் பண்டிகை இன்னும் சிறந்திருக்கும்.

சென்னைக் கோட்டையின் கணக்குகள் வராகன், பணம், காசு என்னும் மூன்று அளவுகளில் எழுதப்பட்டன. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்பது 18 ஆம் நூற்றாண்டில் நிலைபெற்ற கணக்கு. 1818 இல் ரூபாய் அரசாங்க நாணயமாயிற்று. அதற்குச் சற்று முன், 1803 இலும் 1808 இலும், சென்னை மாகாணத்துக்கென்று 10 காசு, 20 காசு செப்பு நாணயங்கள் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துச் சோஹோ நாணயச்சாலையில் அடிக்கப்பட்டன. அவற்றில் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்றும், பாரசீக எழுத்தில் ‘காஸ்’ என்றும் பொறித்திருப்பர். அவற்றுள் ஒரு பெருந்தொகையை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்டனர்’ என்னும் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் கரையருகே குட்வின் மணல்திட்டில் மோதி அமிழ்ந்தது. சென்னைக்கு வரவேண்டிய காசுகள் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் மணலில் கிடந்து, 1980களில் இலட்சக்கணக்கில் மீட்கப்பட்டன. தரங்கம்பாடியில் டேனியர் அடித்த சிறு நாணயமும் ‘காஸ்’ எனப்பட்டது. 1706 இல் அங்கே கரையிறங்கிய சீகன்பால்கின் அன்றாடச் செலவு அந்தக் காசில்தான் நடந்திருக்கும். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அக்கணக்கு 1940களின் இறுதி வரை அங்கே வழங்கிற்று. நாகர்கோவிற் பக்கத்தவரான என் பாட்டனார் இறுதி வரை சக்கரத்தில்தான் மனக்கணக்குப் போடுவார்.

இவ்வளவும் உண்மையாயினும், நாம் இன்று கடையில் நீட்டும் ‘கேஷ்’ நம் காசு அன்று. நாணயமாகிய ‘கேஷ்’ அந்த நாணயங்களோடு வழக்கொழிந்தது. இன்று உலகெங்கும் வழங்குவது பெட்டியின் வழிவந்த ‘கேஷ்’. தென்மாட வீதியில் கீரை விற்கும் அம்மையார், “கேஷ் இல்லையா? ஜிபே பண்ணுங்க” என்று சொல்லும்போது, தம் முன்னோரின் காசைத் திரும்பப் பெறுவதாக நாம் மகிழலாம், உண்மையில் அவர் வாயில் இருப்பது இத்தாலிய வணிகரின் கல்லாப்பெட்டி. என் அருளுரையின் முதற்பிழை இது.

தமிழிலேயே ‘காசு’ என்பதற்கு எத்தனை பொருள்! தியாகராய நகர் உஸ்மான் சாலைக் கண்ணாடிப் பேழைகளில் காசுமாலை தொங்குகிறது; அங்கே காசு பொன். குறுந்தொகைப் பாடல் ஒன்றில், வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்விய கிளி, புது நூலில் கோப்பதற்காகப் பொற்காசு ஒன்றை நகநுனியில் பற்றிய பொற்கொல்லனைப் போல் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளாகக் காசு கோக்கப்படும் பொருளாகவே இருந்துவருகிறது. செலவழிக்கப்படும் பொருளாக ஆனது அடுத்த செய்தி. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைப் பாராட்டுமிடத்து வரும் ‘காசறு’ என்னும் சொல்லிலோ, காசு என்றால் குற்றம். யாப்பிலக்கணம் கற்றோர் வெண்பாவின் ஈற்றுச் சீருக்குரிய நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளை அறிவர். அங்கே காசுக்கு அசையின் அளவைத் தவிர வேறு பொருளே இல்லை. பொன், குற்றம், வெறும் ஓசை ஆகிய மூன்றும் ஒரு சொல்லின்கீழ் அமைதியாகக் குடியிருக்கின்றன. கேட்பவர் எவரும் குழம்புவதில்லை. ஏனெனில் ஒரு சொல்லுக்குப் பொருளைத் தருவது அது நிற்கும் இடம்; அது பிறந்த ஊர் அன்று.

இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நம் பிரசங்க பீடங்களில் வேர்ச்சொல் வாணிகம் மிகுந்துவிட்டது. 1961 இல் ஜேம்ஸ் பார் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் திருமறை மொழியின் சொற்பொருளியலைப் பற்றி எழுதிய நூலில், கிட்டலின் பேரகராதியையே இக்குற்றத்துக்காகக் கூண்டில் நிறுத்தினார். ஆறு பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அவருடைய எச்சரிக்கை நம் சபைகளை எட்டவில்லை. ‘துனாமிஸ்’ என்பதிலிருந்து ‘டைனமைட்’ வந்தது. ஆகவே நற்செய்தி வெடிமருந்தைப் போன்றது என்பர். டைனமைட் என்னும் பெயரை நோபெல் இட்டது 1860களில். பவுல் உரோமருக்கு எழுதும்போது, பின்னால் வரப்போகும் ஒரு வெடியை நினைத்திருக்க முடியாது. ‘எக்ளேசியா’ என்பதன் வேர் ‘வெளியே அழைத்தல்’; ஆகவே திருச்சபை உலகத்தினின்று வெளியே அழைக்கப்பட்டோரின் கூட்டம் என்பர். அப்போஸ்தலர் 19 ஆம் அதிகாரத்தில், எபேசு அரங்கில் எதற்காகக் கூடினோம் என்றே அறியாமல் கூச்சலிட்ட கும்பலுக்கும் லூக்கா அதே சொல்லைத்தான் வழங்குகிறார். கேட்பதற்கு இனிமையாயிருப்பது ஒரு விளக்கத்துக்குச் சான்றாகாது. முதலாண்டு மாணவர்கள் கிரேக்க அகராதியைத் திறக்கக் கற்றுக்கொண்ட மாதத்திலேயே இந்த நோய் அவர்களைப் பிடிக்கிறது. ஆசிரியராகிய நாங்களும் அதை நோய் என்று அவர்களுக்குச் சொல்வதில்லை.

இனி, குருவியைப் பற்றிய பிழை. இது கனத்த பிழை. இதில் நான் தனியாளும் அல்லேன்.

ஏழை விதவை பெட்டியில் இட்டவை இரண்டு ‘லெப்தோன்’. யூதேயாவில் வழங்கிய நாணயங்களில் அதனினும் சிறியது இல்லை. இரண்டு லெப்தோன் ஓர் உரோமக் ‘கொத்ராந்தேஸ்’ என்று மாற்கே கணக்குச் சொல்கிறார். நான்கு கொத்ராந்தேஸ் ஓர் ‘அஸ்ஸாரியோன்’. பதினாறு அஸ்ஸாரியோன் ஒரு ‘தெனாரியோன்’. மத்தேயு 20 ஆம் அதிகாரத்தின்படி அது ஒரு நாட்கூலி. ஆகவே ஒரு நாட்கூலி 128 லெப்தோன்; விதவையின் கையிலிருந்தது நாட்கூலியில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. இக்கணக்கு உரைநூல்கள் பலவற்றிலும் உண்டு.

குருவி விற்கப்பட்டதோ லெப்தோனுக்கு அன்று. மத்தேயு 10:29-இல் ஓர் அஸ்ஸாரியோனுக்கு இரண்டு குருவி. லூக்கா 12:6-இல் இரண்டு அஸ்ஸாரியோனுக்கு ஐந்து. ஓர் அஸ்ஸாரியோன் எட்டு லெப்தோன் அல்லவா? அப்படியானால் ஒரு குருவியின் விலை மத்தேயுவின் கணக்கில் நான்கு லெப்தோன். ஐந்தாவது குருவி இலவசமாக வரும் லூக்காவின் கணக்கிலும் மூன்றுக்குச் சற்று மேல். விதவையின் கையில் இருந்தவை இரண்டு. அவளால் ஒரு குருவிகூட வாங்கியிருக்க முடியாது.

நம் கையிலுள்ள பழைய மொழிபெயர்ப்போ அஸ்ஸாரியோனையும் ‘காசு’ என்கிறது. லெப்தோனையும் ‘காசு’ என்கிறது. மத்தேயு 5:26-இல் வரும் கொத்ராந்தேஸும் காசுதான். லூக்காவின் தமிழ் நற்செய்தியைத் தொடர்ந்து வாசிக்கும் ஒருவர், 12 ஆம் அதிகாரத்தில் இரண்டு காசுக்கு ஐந்து குருவியைக் கண்டு, 21 ஆம் அதிகாரத்தில் விதவையின் இரண்டு காசைக் காணும்போது, ஐந்து குருவி வாங்கத்தக்க தொகையை அவள் இட்டாள் என்று கருதுவதே இயல்பு. நான் அப்படித்தான் கருதினேன். கிரேக்கம் கற்பிப்பவன் இப்படிக் கருதியதற்கு மன்னிப்பு இல்லை. ஆனால் கிரேக்கம் அறியாத இலட்சக்கணக்கான வாசகர்க்கு வேறு வழியும் இல்லை. ஆங்கிலேயர் பெருமை பாராட்டும் 1611 ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும் இதில் தப்பவில்லை. அது அஸ்ஸாரியோனையும் கொத்ராந்தேஸையும் ‘ஃபார்திங்’ என்றே எழுதியமையால், ஆங்கில வாசகர் விதவையின் காணிக்கைக்கு இரண்டு குருவி பெறுகிறார். தமிழர் பெறுவது ஐந்து.

மொழிபெயர்ப்பாளர்களை இதற்காக இகழ்தல் என் கருத்தன்று. அவர்கள் செய்த நற்செயல் ஒன்றையும் சொல்லவேண்டும். மாற்கு 12:42-இல் கொத்ராந்தேஸ் என்பதை அவர்கள் ‘துட்டு’ என்று பெயர்த்தனர். துட்டு நம் நாட்டுச் சொல் அன்று. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் வாணிகம் செய்த ஒல்லாந்தரின் ‘டொய்ட்’ என்னும் செப்பு நாணயம் அது. மாற்கு செய்ததை எண்ணிப் பாருங்கள். கீழ்த்திசைச் சிறு நாணயத்தை, ஆள வந்த அந்நியரின் நாணயத்தால் தம் வாசகர்க்கு விளக்குகிறார். தமிழ் மொழிபெயர்ப்பாளரும் உள்நாட்டுக் காசை, கடல் கடந்து வந்தவரின் துட்டால் விளக்கினர். சொல்லுக்குச் சொல் அன்று, செயலுக்குச் செயல் நிகர் செய்த மொழிபெயர்ப்பு இது. இதைக் காணும்போதெல்லாம் எனக்கு வியப்பு நீங்குவதில்லை.

‘பணம்’ என்பதும் அவ்வாறே நன்கு தெரிந்தெடுக்கப்பட்டது. தெனாரியோன் ஒரு ‘பணம்’ என்று எழுதினர். 80 காசு ஒரு பணம் என்று கணக்கிட்ட நாளில், பணத்துக்கும் காசுக்கும் இருந்த தொலைவை வாசகர் உடனே உணர்ந்திருப்பர். இன்று பணம் என்பது செல்வத்துக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டமையால், திராட்சத்தோட்டத்தில் நாளொன்றுக்கு ஒரு பணம் என்று கேட்கும் இளைஞர் விழிக்கிறார். 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘தெனாரியம்’ என்று எழுதி இவ்விடரைத் தாண்டிற்று. விழிப்பு மட்டும் மாறவில்லை. 1871 இல் நம் பழைய மொழிபெயர்ப்பு வெளிவந்தபோது நாட்டில் ரூபாய் அணாக் கணக்கே வழங்கிற்று என்பதை நினைக்கும்போது ஓர் ஏக்கம் உண்டாகிறது. பதினாறு அணா ஒரு ரூபாய். பதினாறு அஸ்ஸாரியோன் ஒரு தெனாரியோன். காலணா, கொத்ராந்தேஸுக்கு நேர் நிகர். குருவியை அணாவுக்கு விற்று, விதவையைக் காலணாவோடு அனுப்பியிருந்தால் கணக்கு அணுவளவும் பிசகியிராது. 1957 இல் பத்தின்முறை நாணயம் வந்தபின் அதுவும் பழங்கதையாகியிருக்கும் என்பது மெய். நாணயங்களின் பெயர்கள் முதுமையடைவதைத் தடுக்க யாராலும் இயலாது. வெவ்வேறு நாணயங்களுக்கு வெவ்வேறு பெயரிடுவது மட்டும் எக்காலத்தும் இயலும். அடுத்த திருத்தப் பதிப்பைச் செய்வோரிடம் நான் கேட்பது அவ்வளவே.

இது வெறும் நாணயக் கணக்காயின் இவ்வளவு எழுதியிரேன். இரண்டு காசு ஐந்து குருவியாகும்போது கதையே வேறாகிறது. ஐந்து குருவி வாங்கக்கூடியவள் ஒரு வேளை உணவைத் துறந்து தேவனுக்குக் கொடுத்தாள். ‘நாமும் சிறிது துறப்போம்’ என்று பிரசங்கிப்பது எளிது. ஒரு குருவிக்கும் வழியில்லாதவளிடம் அந்த அருளுரை செல்லாது. அவளைப் பார்த்துக் கேட்கவேண்டிய கேள்வி, அவள் எவ்வளவு கொடுத்தாள் என்பதன்று. அந்த நிலைக்கு அவள் எப்படி வந்தாள் என்பதே.

1982 இல் அடிசன் ரைட் என்னும் கத்தோலிக்க அறிஞர், இப்பகுதி புகழ்ச்சியா புலம்பலா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். இயேசு அவளைப் பின்பற்றுங்கள் என்று எங்கும் சொல்லவில்லை; முந்திய வசனம் விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரைக் கண்டிக்கிறது; பிந்திய வசனங்களில் அவ்வாலயம் கல்லின்மேல் கல்லிராமல் இடியும் என்று கூறப்படுகிறது; ஆகவே இது புலம்பலே என்பது அவர் முடிபு. நம் குருமார் மிகப் பலர் 41 ஆம் வசனத்தில் தொடங்கி 44 இல் நிறுத்துவதனால், இச்சூழல் சபையாரின் காதில் விழுவதேயில்லை. ரைட் சூழலைக் குறித்துக் கூறியதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் எல்லாரிலும் இவள் அதிகமாய்ப் போட்டாள் என்னும் கூற்றில் வியப்பின் குரலும் ஒலிக்கிறது. அதை முற்றிலும் புலம்பலாக்குவதற்கு அவர் சற்று வலிந்து உழைக்கவேண்டியிருக்கிறது. அவளைப் போற்றுவதும் அவளை அந்நிலைக்கு ஆளாக்கியோர்மேல் சினங்கொள்வதும் ஒரே உள்ளத்தில் நிகழக்கூடாதவை அல்ல.

ரைட் போதிய இடம் தராத ஒன்றை மாற்கு முதல் வரியிலேயே வைத்திருக்கிறார். இயேசு காணிக்கைப்பெட்டிக்கு எதிராக உட்கார்ந்திருந்தார் என்று கதை தொடங்குகிறது. ‘கசோஃபுலாக்கியோன்’ என்னும் அச்சொல் கருவூலத்தையும் குறிக்கும். அதைச் சேர்ந்த பெட்டிகளையும் குறிக்கும். ஆலயத்தில் எக்காள வடிவில் அமைந்த பதின்மூன்று பெட்டிகள் இருந்தன என்று யூதரின் மிஷ்னா நூல் கூறுகிறது. அவர் உட்கார்ந்தது பெட்டியின் பக்கத்தில் அன்று, எதிரில். பெட்டியின் பக்கத்தில் அமர்ந்தவர்க்குத் தெரிவது தொகை. எதிரில் அமர்ந்தவர்க்குத் தெரிவது முகமும் கையும். கதையில் பெட்டி ஒன்று, காசு ஒன்று. இரண்டையும் மாற்கு கலக்கவில்லை. (வேர்ச்சொல்லைப் பழித்தவன் இப்போது கேஷின் இரு வேர்களைக் கொண்டே வேதம் விளக்கப் புகுந்தான் என்று மாணவர்கள் நகைக்கவேண்டா. ‘கேஷ்’ என்னும் சொல் உலகில் இல்லாதிருந்தாலும் இக்கதையில் பெட்டியும் காசும் தனித்தனியே நிற்கும். இவ்விரண்டும் கலந்த ஒரு சொல்லில் பழகிவிட்ட நமக்கு, அவற்றைப் பிரித்துப் பார்ப்பது கடினமாயிருக்கிறது என்பதே நான் சொல்வது.)

நம் சபைக் கணக்குகளும் பெட்டியின் பக்கத்திலிருந்தே எழுதப்படுகின்றன. ஞாயிறு தோறும் இவ்வளவு சேர்ந்தது என்பது ஏட்டில் ஏறும்; ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தோர் பெயர் மலரில் அச்சாகும். அண்மையில் நான் சென்ற ஓர் ஆலயத்தின் வாசலில், செல்லிடப்பேசியால் காணிக்கை செலுத்துவதற்கான கட்டக்குறி அட்டை ஒன்றை மாட்டியிருந்தனர். அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. சில்லறைத் தட்டுப்பாடு உண்மையே. ஆனால் அதன் அருகே நின்ற கைக்குட்டை முடிச்சுக்காரர் ஒருவர், பேசி இல்லாதவர், பை தம்மிடம் வருவதற்குள் ஆராதனை முடிந்துவிட்டதே என்று நின்றதையும் பார்த்தேன். பெட்டிக்கு அவர் இட்டதும் தெரியாது, இடாததும் தெரியாது.

கடந்த தவக்காலத்தில் அந்த மூதாட்டியாருக்கு நற்கருணை கொண்டுபோகும் வாய்ப்புக் கிடைத்தது. இப்போது எண்பதைக் கடந்துவிட்டார். இட்டலி அடுப்பு அணைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. திருவிருந்து முடிந்தபின், பதினைந்து ஆண்டுக்கு முன் நான் சொன்ன விடை தவறு என்று அவரிடம் கூறினேன். எந்த விடை என்பது அவருக்கு நினைவில்லை. காசையும் குருவியையும் மீண்டும் எடுத்துச் சொன்னேன்.

“ஒரு குருவிகூட வராதா, ஐயா?”

“வராது, அம்மா.”

சற்று நேரம் கூரையைப் பார்த்திருந்தார். “அப்போ அதை வச்சிக்கிட்டு அவ என்ன பண்ணுவா, பாவம். போட்டுட்டா” என்றார். பிறகு, “அங்க பெட்டிகிட்ட இருந்த பெரியவங்க, யாராச்சும் அவளச் சாப்பிட்டியான்னு கேட்டாங்களா?”

வசனத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றேன்.